நெகட்டிவ் பெட்டியும் அமானிதமே

ஜவ்வாது மலையின் அடிவாரத்துக்கு அண்மையில், பாலாற்றங்கரை நகரம் ஒன்றில், ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரு போட்டோ ஸ்டூடியோ இயங்கி வந்தது. அதனை நடத்திய பெரியவர் இப்பொழுது இல்லை. அல்லாஹ் அவர்தம் பிழைகளைப் பொறுத்தருள்வானாக. அவர் மறைந்து நாற்பது நாள் கழிவதற்குள் கடையைக் காலி செய்து கொடுக்க வேண்டி வந்தது. அன்று அஸர் தொழுகைக்குப் பின் அவ்வழியே நாம் நடந்து சென்றோம். பழைய பேப்பர்க் கடைக்காரரின் மூன்று சக்கர வண்டியில் சாக்கு மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்து கிடந்தது. உள்ளே உறை உறையாக நெகட்டிவுகள். உறை தோறும் எண், தேதி, சிலவற்றில் பெயர்.

“என்ன தம்பி இது?” என்று பெரியவரின் மூத்த மகனை வினவினோம்.

“ஒன்றுமில்லை ஹஜ்ரத், அத்தாவுடைய பழைய பிலிம். வெள்ளி எடுப்பார்களாம், எடைக்குப் போடுகிறோம். உருவப்படந்தானே! வைத்திருந்தால் மலக்குகள் வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்று தாங்களே பயானில் சொல்லியிருக்கிறீர்கள்” என்றார்.

நாம் வாயடைத்து நின்றோம். அந்தப் பிலிம்தான் அவரைப் படிக்க வைத்தது. அவருடைய தங்கைமாரை நிக்காஹ் செய்து கொடுத்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் அதன் வருவாயில் உண்டபோது எழாத மார்க்கப் பேணுதல், அதனை எடைக்குப் போடும் நாளில் மட்டும் எழுந்து வந்து நின்றது. ஆயின் அவரைக் கடிந்துகொள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நாம் பயானில் சொன்னது உண்மைதான். எதைச் சொன்னோம், எந்த இடத்தில் நிறுத்தினோம், எதைச் சொல்லாமல் விட்டோம் என்பதை அவர் அறியார், நாமும் அறிவிக்கவில்லை. நம் மௌனத்தை அவர் ஃபத்வாவாக எடுத்துக்கொண்டார். ஆகவே இக்கட்டுரை பிறரைச் சாடுவதற்கு முன் நம்மையே சாடுகிறது என்பதை வாசக நேயர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

அந்த மூட்டைகளில் என்ன இருந்தது? கடைக்காரரிடம் கேட்டு, எடைக்கு உரிய பணத்தை நாமே கொடுத்து, மீட்க முடிந்தவை மூன்று கட்டுகள் மட்டுமே. எஞ்சியவை முன்னைய நடைகளிலேயே போய்விட்டன. இரவில் மேசை விளக்கின் முன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். நெகட்டிவில் வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் தெரியும்; கண் பழகச் சிறிது நேரம் ஆகும். பழகியபின் ஓர் ஊரே எழுந்து நடமாடத் தொடங்கிற்று. தோல் ஷாப்பில் சேர்ந்த முதல் மாதச் சம்பளத்தில் புதுச் சட்டை தைத்துக்கொண்டு நிற்கும் இளைஞன். பெருநாள் தொழுகை முடிந்து, அத்தர் மணம் இன்னும் போகாதவர்போல் விறைப்பாக நிற்கும் மூன்று சகோதரர்கள். வளைகுடா செல்வதற்காகப் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து, அச்சத்தில் விழித்த கண்களோடு அகப்பட்டுக்கொண்டவர். ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்கும்பொருட்டு வாழ்நாளில் முதன்முறையாகக் காமிராவின் முன் அமர்ந்த பாட்டியார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். பாலாற்று மணலில் கபடி ஆடிய அணியினர்; அவர்கள் பின்னால் ஆறு இன்னும் ஆறாகத் தோன்றுகிறது. அந்த ஆற்றைத் தோல் ஆலைகளின் கழிவு என்ன செய்தது என்பதற்கு 1996ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதற்கு முன் ஆறு எப்படி இருந்தது என்பதைக் காட்ட நம்மிடம் இருந்தவை இத்தகைய பிலிம் துண்டுகளே.

அடுத்த கட்டில் மலைமக்கள் இருந்தனர். நாம் எதிர்பார்க்கவில்லை. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர், கேரளத்து மலையாளிகள் அல்லர். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் அப்பெயர் பூண்ட தமிழ் மக்கள். கடுக்காயும் தேனும் புளியும் சாமையும் கொண்டு சந்தைக்கு இறங்குவோர். கடுக்காய் என்றவுடன் நம் சமுதாயத்தார்க்கு நினைவு வர வேண்டும்: வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் நம் முன்னோர் தோல் பதனிட்டுப் பொருள் ஈட்டிய காலத்தில், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இன்றித் தோல் பதமாகியதில்லை. மலை இறங்கி வந்த சுமைகளில் நம் மாடிவீடுகளின் அஸ்திவாரம் இருக்கிறது. அந்தச் சுமையை இறக்கிவிட்டு, கையில் கிடைத்த காசில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, “பாய், ஒரு படம் புடிச்சுக் குடு” என்று அவர்கள் ஸ்டூடியோவின் படியேறியிருக்கிறார்கள். வரைந்த திரைச்சீலையில் ஏரியும் தாமரையும் அன்னமும். அதன் முன்னால் மலையிலிருந்து இறங்கிய கணவன், மனைவி, இடுப்பில் குழந்தை. உண்மையான மலையை விட்டுவிட்டு வரைந்த ஏரியின் முன் நிற்பதில் அவர்களுக்கு என்ன ஆசையோ! அந்த ஆசை அவர்களுடையது. அதில் குறை காண நாம் யார்?

இப்பொழுது வாதத்துக்கு வருவோம்.

உருவம் வரைவோரைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் ஆதாரபூர்வமானவை. அவற்றை மறுப்பதற்கு நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. புகைப்படம் அக்கண்டனத்துள் அடங்குமா என்பதிலேதான் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், புகைப்படம் என்பது படைப்பதன்று, விழுந்த நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று தனிநூலே எழுதி, ஆகுமானது என்றார்கள். தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் அதனை ஏற்காது, கையால் வரைந்தாலும் கருவியால் பிடித்தாலும் உருவம் உருவமே என்று மறுத்தெழுதினார்கள். இருவரும் பெரியவர்கள். இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. அந்த எகிப்தியப் பேரறிஞர் நீண்ட வாதத்தால் நிறுவிய கருத்தைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது: நிழற்படம்!

எவர் பக்கம் சரி என்று தீர்ப்பது நம் நோக்கமன்று. தேவையின்றிப் படம் எடுத்தல் கூடாது என்பவரும், சுவரில் மாட்டிக் கண்ணியப்படுத்தல் கூடாது என்பவரும் தத்தம் பேணுதலில் நிலைத்திருக்கட்டும். நாம் கேட்பது இது: எடுக்கலாமா என்பது ஒரு கேள்வி, பிறர் காசு கொடுத்து எடுத்து, பிறகு வந்து பிரதி வாங்கிக்கொள்ளலாம் என்னும் நம்பிக்கையில் ஒருவரிடம் விட்டுச் சென்ற பொருளை அழிக்கலாமா என்பது வேறு கேள்வி. முதற்கேள்வி உருவப்படச் சட்டத்தைச் சார்ந்தது. இரண்டாவது அமானிதத்தைச் சார்ந்தது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை இடுகின்ற கட்டளையில் கருத்து வேறுபாடு ஏதுமில்லை. ஸ்டூடியோ உறையின் மேல், பிரதி வேண்டுவோர் இந்த எண்ணைக் குறிப்பிடுக என்று அச்சிட்டிருந்ததே, அது என்ன? வாக்குறுதியன்றோ? வாக்குக் கொடுத்தவர் மறைந்தால் வாக்கும் எடைக்குப் போய்விடுமா?

சிலர் சொல்வர்: “ஹஜ்ரத், பெரிய வார்த்தை பேசுகிறீர்கள். முப்பது ஆண்டாக எவரும் வந்து கேட்கவில்லை.” கேட்காத கடன் கழிந்த கடன் என்று எந்த மத்ஹபில் ஓதினார்கள் என்று அறிய விரும்புகிறோம்.

இன்னும் ஒரு கூட்டத்தார் உண்டு. இப்னுல் ஹைஸம் அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருட்டறையையும் சிறு துளையையும் கொண்டு கிரகணத்தின் வடிவத்தை ஆய்ந்தார்கள். ஆகவே காமிராவுக்கு வழிகாட்டியவர்கள் முஸ்லிம்களே என்று மேடைதோறும் முழங்குவர். முழங்கட்டும், இப்னுல் ஹைஸமின் பெருமை பெருமைதான். ஆனால் அதே மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குச் சென்று, பாட்டனாரின் ஒரே நிழற்படத்தைப் பரணிலிருந்து எடுத்து அடுப்பில் இடுவதும் அவர்களே. மதரஸா விழா மலர்களையும் புரட்டிப் பாருங்கள். நன்கொடையாளர்களின் முகங்கள் வழவழப்பான தாளில், பக்கத்துக்கு நான்காக. அங்கு வராத தயக்கம், கடுக்காய் சுமந்தவனின் பிலிமைக் கண்டதும் வந்துவிடுகிறது. நாம் ஆசிரியராக இருந்த நிறுவனத்தின் மலரிலும் இவ்வாறே இருந்தது. அதில் நம் முகமும் இருந்தது.

மலையை மீண்டும் ஏறிப் பார்ப்போம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் சென்றால் காவலூர். அங்கே 1960களின் பிற்பகுதியிலிருந்து வானத்தை நோக்கி வருகிறார்கள். 1986இல் வைணு பாப்பு பெயர் சூட்டப்பெற்ற அந்த ஆய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி இருக்கிறது. 1988 பிப்ரவரி 17 அன்று அங்கு வானைப் படம் பிடித்துத் தேடிய அறிஞர் இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு இராமானுஜன் என்று பெயரிட்டார்கள். அதே நிறுவனத்தைச் சார்ந்த கோடைக்கானலில், நூறாண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் எடுத்த சூரியனின் படங்களைப் பாதுகாத்து, இப்பொழுது கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். என்றோ ஒருநாள் எடுத்த படத்தை இன்னொரு நாள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தானே எது நகர்ந்தது, எது மாறியது என்று தெரியும்? அதனால் பழையது ஒன்றையும் அவர்கள் எறிவதில்லை.

நல்லது. விண்ணுக்குக் காட்டிய பேணுதலை வியக்கிறோம். அந்தத் தொலைநோக்கிக் கூண்டின் நிழல் விழும் மலையில் வாழ்ந்தவர்களின் முகங்களுக்கு யார் காவல்? அரசு அவர்களைப் படம் எடுக்காமல் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதி, பழங்குடி நூலில் மலையாளிகளும் இடம்பெற்றனர். தர்ஸ்டன் தலையின் அகலத்தையும் மூக்கின் நீளத்தையும் அளந்து எழுதும் வழக்கமுடையவர். அளக்கப்பட்டவனின் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரு முகம் ஒரு கூட்டத்துக்கு மாதிரி, அவ்வளவே. பிறகு நூறாண்டு கடந்து நாளிதழ்கள் படம் வெளியிட்டன. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியோர் என்று கூறி, தமிழகத் தொழிலாளர் 20 பேரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். அவர்களுள் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். மரக்கட்டைகளுக்கிடையே கிடந்த சடலங்களின் படத்தை நாடு முழுவதும் பார்த்தது. அம்மலையின் மைந்தனை நாட்டார் அறிந்த முகம் அதுதான்.

அளவுகோலின் முன் நிறுத்தப்பட்ட முகம் ஒன்று. உயிர் போன முகம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில், தானே படியேறி வந்து, தலைவாரி, தன் காசைக் கொடுத்து, தான் விரும்பிய திரையின் முன் தான் விரும்பியவளோடு நின்ற முகம் எங்கே கிடைக்கும்? சிறு நகரத்துப் போட்டோக்காரரின் பெட்டியில் கிடைக்கும். வேறெங்கும் கிடைக்காது. அதைத்தான் கிலோக் கணக்கில் போட்டார்கள்.

இது வெறும் உருக்கமன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்நிலத்தில் இருந்தமையைக் காட்ட வேண்டும். வீடு, குடிசை, வரப்பு போன்ற அடையாளங்களும் முதியோரின் வாய்மொழியும் அங்கே சான்றாகும். போட்டோக்காரர்கள் ஸ்டூடியோவுக்குள் மட்டுமே இருந்ததில்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மலைக்கும் சென்றார்கள். குடிசையின் முன் எடுத்து, தேதி எழுதி உறையிலிட்ட ஒரு படம் முதியவரின் வாய்மொழிக்கு எவ்வளவு துணை செய்யும்! படம் ஒன்றே வழக்கை வெல்லும் என்று நாம் சொல்லவில்லை. ஏழைக்கு இருக்கின்ற சில சான்றுகளில் ஒன்றை நாம் அழிக்கலாமா என்று கேட்கிறோம்.

இனி, மறுபுறத்தாரையும் விடுவதற்கில்லை. பழம்படம் என்றால் பாய்ந்து வந்து அள்ளிச் செல்லும் கலைஞர்களும் ஆய்வாளர்களும் இன்று பெருகியுள்ளனர். அவர்களிடம் ஒப்படைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் மக்காவின் செய்தியைக் கேட்கட்டும். மதீனாவை 1861இலும் மக்காவை 1880இலும் முதன்முதலில் படம் பிடித்தவர் முஹம்மது சாதிக் பே என்னும் எகிப்திய இராணுவ அதிகாரி. அவரை அடுத்து மக்காவிலேயே ஒருவர் தோன்றினார்: அப்துல் கஃப்பார் என்னும் மருத்துவர். 1885இல் மக்காவில் தங்கிய டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோனியோடு அவருக்குப் பழக்கம். ஸ்னூக் வெளியேற்றப்பட்ட பின்னரும் இவர் படங்களை எடுத்து அனுப்பிக் கொண்டிருந்தார்; அவற்றில் தம் பெயரையும் அழகாகப் பொறித்திருந்தார். 1889இல் ஸ்னூக் அவற்றை நூலாக்கி வெளியிட்டபோது அந்தப் பெயர் நீக்கப்பட்டிருந்தது. ஹரம் ஷரீபின் படம் உலகமெல்லாம் போயிற்று. எடுத்தவரின் பெயர் பல்லாண்டுகள் இருட்டில் கிடந்தது. படத்தைக் காப்பாற்றிப் பெயரைக் கொல்வதும் ஒரு களவே.

லெபனானில் சைதா என்னும் கடற்கரைச் சிறுநகரம். அங்கே ஹாஷிம் அல்மதனீ என்பவர் 1953இல் ஷெஹ்ரஸாத் ஸ்டூடியோவைத் திறந்து, ஊராரைப் பல்லாண்டுகள் படம் பிடித்தார். 1997இல் பெய்ரூத்தில் தோன்றிய அரபுப் பட நிறுவனத்தாரும் அக்ரம் ஸஃதரீ என்னும் கலைஞரும் முயன்றதால் அவருடைய நெகட்டிவுகள் பிழைத்தன. அந்தச் சிறுநகரத்தின் அன்றாட வாழ்வை இன்று உலகம் அறிகிறது. அவற்றுள் 1957இல் எடுத்த ஒரு பெண்ணின் படங்கள் உண்டு. தம் அனுமதியின்றி அவள் ஸ்டூடியோவுக்குச் சென்றதை அறிந்த கணவர் சினந்து வந்து நெகட்டிவுகளைக் கொடுக்கச் சொன்னார். அவை மற்றவர்களின் படங்களோடு ஒரே சுருளில் இருந்ததால் கொடுக்க இயலவில்லை. அவர் கண்முன்னே அவள் முகத்தின்மீது ஊசியால் கீறிக் கொடுத்தார் மதனீ. ஆண்டுகள் கழித்து, அக்கணவரின் கொடுமையிலிருந்து மீள அவள் தன்னை எரித்துக்கொண்டாள். பிறகு அதே கணவர் வந்து, அவளுடைய வேறு படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாராம்.

இந்நிகழ்ச்சியைப் படித்த இரவு நாம் உறங்கவில்லை. பேணுதலின் பெயரால் ஊசி எடுப்போர் எல்லாரும் இதனை ஒருமுறை எண்ணல் வேண்டும். அதே வேளையில் இன்னொன்றும் நம்மை உறுத்துகிறது: கீறப்பட்ட அந்த முகம் இன்று ஐரோப்பியக் காட்சிக்கூடச் சுவர்களிலும் தொங்கியிருக்கிறது. அவளிடம் யார் அனுமதி கேட்டார்கள்? கணவரும் கேட்கவில்லை, காட்சி வைத்தவரும் கேட்டிருக்க இயலாது. ஆகவே பெண்களின் படங்களைப் பொறுத்தவரை நம் கருத்து உறுதியானது. காக்க வேண்டும், உரியவரோ உரியவரின் மக்களோ வந்து இசைவு தரும்வரை மூடியே வைக்க வேண்டும். மலைப்பெண்ணுக்கும் இதே சட்டந்தான். அவளுக்குப் பர்தா இல்லை என்பதால் அவள் கண்ணியம் பொதுச்சொத்தாகிவிடாது.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்து நாக்தா என்னும் ஆலைநகரில் சுஹாக் ஸ்டூடியோ நடத்திய சுரேஷ் பஞ்சாபியின் படங்கள் 2013இல் சென்னைப் பதிப்பகமான தாரா மூலம் நூலாயின. அவர் பெயர் அட்டையிலேயே இருக்கிறது, அஃது அழகு. தமிழகத்து ஸ்டூடியோக்களின் பழம்படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, ஊர் ஊராகச் சென்று பிரதி எடுத்தனர். மூலப்படங்கள் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பது அத்திட்டத்தின் விதி, நல்ல விதி. ஆயின் 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் திருடர்களால் தாக்கப்பட்டு, அதன் இணையத் தொகுப்புகள் பல மாதங்கள் எவருக்கும் எட்டாமல் போயின. நம் பாட்டியாரின் முகத்தைக் காண லண்டனில் மின்கதவு திறக்க வேண்டும் என்றால் அப்பாதுகாப்பு பாதிப் பாதுகாப்பே. மூலம் இங்கே ஊரில் இருக்க வேண்டும்.

ஊரில் எங்கே? வாடகைக் கடைகளும் வளைகுடா வருவாயும் உடைய ஜமாஅத்துகள் நம்மிடையே எத்தனை! பள்ளிவாசல் நூலகத்தில் ஓர் இரும்பு அலமாரி; ஈரம் புகாத இடம்; அமிலம் இல்லாத தாள் உறைகள்; ஒரு பதிவேடு. மூலதனம் இவ்வளவே. பழைய பிலிம் புளித்த காடி நாற்றம் வீசத் தொடங்கினால் அது தானே சிதைகிறது என்று பொருள். அதைப் பிரித்து வைத்து முதலில் பிரதி எடுக்க வேண்டும். பள்ளிவாசலுக்குள் உருவப்படமா என்று சினப்பவர்கள் மதரஸா அலுவலகத்து இரும்புப் பெட்டியைத் திறக்கட்டும். மாணவர்களின் ஆதார் பிரதிகளும் பாஸ்போர்ட் அளவுப் படங்களும் அங்கு நூற்றுக்கணக்கில் உறங்குகின்றன. அவற்றால் ஓடாத மலக்குகள் இவற்றால் ஓடிவிடுவார்களா?

இக்கருத்தை நம் நிர்வாகிகள் முன் வைத்தோம். ஒருவர் நகைத்தார், ஒருவர் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார், கணக்குப் பிள்ளை மட்டும் தம் தந்தையின் கடை அந்த ஸ்டூடியோவுக்கு எதிரில் இருந்ததென்றும், கடைவாசலில் அவர் நிற்கும் படம் ஏதும் அகப்படுமா என்றும் தனியே அழைத்துக் கேட்டார். தேடினோம், மூன்று கட்டுகளில் அது இல்லை.

சென்ற மாதம் மலையிலிருந்து ஒரு முதியவர் வந்தார். ஸ்டூடியோ மூடியதை அறியாமல், மடித்து மடித்துப் பழுத்த ரசீது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றிருக்கிறார். யாரோ நம் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். காலஞ்சென்ற தம் மனைவியோடு எடுத்துக்கொண்ட படம், பேத்தி திருமணத்துக்குப் பெரிதாக்கி வேண்டும் என்றார். ரசீதில் எண் தெளிவாக இருந்தது. அந்த எண்ணுக்கு முந்தைய உறையும் நம்மிடம் இருக்கிறது. அதற்கு மூன்று எண் தள்ளிய உறையும் இருக்கிறது. இடையில் உள்ளவை போய்விட்டன. “பரவாயில்லை பாய்” என்று சொல்லி, ரசீதை மீண்டும் மடித்து மடியில் செருகிக்கொண்டு அவர் கடைசிப் பேருந்துக்கு விரைந்தார்.

எஞ்சிய மூன்று கட்டுகளும் நம் இல்லத்தில், கிதாபுகள் உள்ள அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. எண் எழுதிய ரசீது வைத்திருப்போர் வியாழக்கிழமைகளில் அஸருக்குப் பின் வந்து பார்க்கலாம். ரசீது இல்லாதோரும் வரலாம்.